கணக்கில் ஏறாத மணித்தியாலங்கள்

வாசகர் கேள்வி – பதில்: காணியும் வீடும்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காணி, வீட்டு முதலீடு பற்றியவை. எல்லாவற்றிலும் விலை, வாடகை, வட்டி ஆகியவை கவனமாக எழுதப்பட்டிருந்தன. அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ள யாருடைய நேரம் போகும், யாருடைய உடம்பு அலையும் என்பதை ஒருவரும் எழுதவில்லை. ஆகவே இவ்விதழில் அதை முன்வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உவர்மலையில் தனியாக வசிக்கிறேன். பணிக்கொடையும் கணவரின் சேமிப்புமாக 110 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பில் இருக்கின்றது. பாலையூற்றுப் பக்கம் ஒரு கோடி ரூபாய்க்கு வீடொன்றை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் 35,000 ரூபாய் இருந்த இடத்திலேயே வருமென்று கொழும்பில் வேலை பார்க்கும் என் மகன் வற்புறுத்துகிறான். செய்யலாமா?

பதில்: அம்மா, வாடகை இருந்த இடத்திலேயே வருவதில்லை. முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அறுதி உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், முடிக்கும்போது முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் முத்திரை வரி கட்ட வேண்டும். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு அது 3,99,000 ரூபாய். நொத்தாரிசுவின் கட்டணம் அதற்கு வேறாக. அதாவது முதல் ஆண்டு வாடகையில் ஏறத்தாழ முழுவதையும் வீட்டுக்குள் ஒருவர் குடிவருவதற்கு முன்னரே கொடுத்துவிடுகிறீர்கள்.

பிறகு ஆண்டு வாடகை 4,20,000 ரூபாய் என்ற கணக்கும் அப்படியே நிற்காது. வாடகைக்காரர் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று கொள்ளுங்கள், 3,85,000 ஆகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் ஆண்டுக்கு 17,500 போகும். கூரை, தண்ணீர் மோட்டார், மலசலகூடக் குழி, சுவருக்குப் பூச்சு என்று சராசரியாக 50,000 ரூபாயும், சோலை வரி முதலியவற்றுக்கு 10,000 ரூபாயும் ஒதுக்கினால் கையில் நிற்பது 3,07,500 ரூபாய், அதாவது போட்ட பணத்தில் 3 சதவீதம். இதே ஒரு கோடி ரூபாய்க்கு வங்கி 8 சதவீதம் கொடுப்பதாக வைத்து, அதில் 10 சதவீத வரியைக் கழித்தாலும் 7,20,000 ரூபாய் வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4,12,500 ரூபாய். ஆகவே வீட்டின் விலை ஆண்டுதோறும் 4 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் வங்கியில் வைத்திருந்த நிலைக்காவது வந்து சேர்வீர்கள். இவை நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வங்கியின் வட்டியையும் அந்த வீட்டின் உண்மையான வாடகையையும் இட்டு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மகன் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, வைப்பில் இருந்த பணத்தின் பெறுமதி நம் கண்முன்னே கரைந்தது. அந்த ஆண்டைக் கடந்த எவருக்கும் காணியில் நம்பிக்கை பிறப்பது இயல்பு. ஆனால் காணியின் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. அதை ரூபாயில் மட்டும் கேட்பதில்லை.

வாங்குவதற்கு முன் காணிப் பதிவகத்தில் உறுதித் தொடர்ச்சியை, அதாவது காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்பதை, தேடுவிக்க வேண்டும். நில அளவையாளரை அழைத்துச் சென்று எல்லை காட்ட வேண்டும். நொத்தாரிசு, வங்கி, உள்ளூராட்சி மன்றம் என்று ஒவ்வொரு வாசலிலும் காத்திருக்க வேண்டும். சில மாதங்கள் இதிலேயே போய்விடும். வாங்கிய பின்னர், வாடகை வந்துவிட்டதா என்று பார்ப்பது, வராவிட்டால் கேட்பது, கேட்டும் வராவிட்டால் நேரில் போவது, மேசனுக்குச் சொல்லி அவர் வராத நாளில் இன்னொருவரைத் தேடுவது, அவர் வேலை செய்யும்போது அருகில் நிற்பது, வீடு காலியானால் பார்க்க வருகிறவர்களுக்குத் திறப்புடன் போய்க் கதவு திறந்துவிடுவது என்று மாதம் ஆறு மணித்தியாலமாவது போகும். ஆண்டுக்கு அது 72 மணித்தியாலம். கடிகாரத்தில் அடங்காத பகுதி இன்னும் பெரிது. இரண்டு மாத வாடகை நிலுவையில் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம், அவர்களுடைய பிள்ளையை நீங்களே ஒருகாலத்தில் படிப்பித்திருக்கக்கூடிய இந்தச் சிறிய ஊரில், போய்ப் பணம் கேட்பதற்கு ஒரு மனத்தென்பு வேண்டும். முதல் நாள் இரவு நித்திரை குலைவதும் அதன் செலவுதான்.

அந்தச் செலவை யார் கொடுக்கப் போகிறார் என்பதே உங்கள் கடிதத்துக்கான என் கேள்வி. மகன் 260 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறார். கசியும் குழாய்க்காக அவர் இரவு ரயிலேற முடியாது. யோசனை அவருடையது, உழைப்பு உங்களுடையது என்றே இது முடியும். இதை அவரிடம் மனவருத்தமின்றி, ஆனால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

காணியில்தான் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்று நீங்களும் விரும்பினால், பாலையூற்றுக்குப் போவதற்கு முன் உங்கள் சொந்த வளவைப் பாருங்கள். உவர்மலை வீட்டின் பக்கத்தில் தனி வாசலுடன் ஓர் அறையும் சமையலறையும் சேர்த்துக் கட்டினால், முத்திரை வரி இல்லை, உறுதி தேடும் வேலை இல்லை, போய்வரும் தூரமும் இல்லை. கட்டட அனுமதி மட்டும் எடுக்க வேண்டும். அரச உத்தியோகத்தர் குடும்பமொன்று அதில் இருந்தால் தனிமையும் குறையும். தொகையில் பெரும்பகுதி வைப்பிலேயே இருக்கட்டும். முதுமையில் வைத்தியச் செலவு வரும்போது வைப்பை ஒரு நாளில் உடைக்கலாம். வீட்டை ஒரு நாளில் விற்க முடியாது.

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். நிலாவெளியில் கடற்கரையோரமாக 20 பேர்ச் காணி விலைக்கு வருகிறது. திருகோணமலையில் இருக்கும் மச்சான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். எனக்கு நேரச் செலவே இல்லை. வாங்கிவிட்டு விலை ஏறும்வரை வெறுமையாக விடலாமா?

பதில்: தம்பி, முதலில் சட்டம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரசை அல்லாத ஒருவருக்கு இங்கே காணியை அறுதியாக எழுதிக் கொடுக்க முடியாது. கனேடியப் பிரசாவுரிமை எடுத்தபோது இலங்கைப் பிரசாவுரிமை போயிருந்தால், இரட்டைப் பிரசாவுரிமையைப் பெற்ற பிறகே வாங்கலாம். சிலர் இதைத் தாண்டுவதற்காக மச்சானின் பெயரில் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் சட்டத்தின் கண்ணில் அது மச்சானுடைய காணி. அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகளுடையது. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வழிக்கு நான் ஒருபோதும் இணங்கமாட்டேன்.

இரண்டாவது, கடற்கரையோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதற்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 20 பேர்ச் என்பது 5,445 சதுர அடி. அதில் எவ்வளவு பகுதியில் கட்ட விடுவார்கள் என்பதை விலை பேசுவதற்கு முன் கேட்டறிய வேண்டும். அந்தக் கேள்வியை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவரும் மச்சான்தான்.

இனி, வெறுமையாக விடுவது பற்றி. வெறுங்காணி சும்மா கிடப்பதில்லை. மாரி முடிந்து தை மாதம் போய்ப் பார்த்தால் பற்றை இடுப்பளவுக்கு நிற்கும். எல்லைக்கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தேங்கிய தண்ணீருக்கு டெங்கு ஒழிப்புக்காரர் அறிவித்தல் ஒட்டுவார்கள். உப்புக்காற்றில் முட்கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்து உதிரும். அயலவர் வேலியை ஓரடி உள்ளே போட்டால் அன்றே பேசித் தீர்க்கலாம்; ஐந்து ஆண்டு கழித்துக் கண்டால் வழக்குத்தான். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் இடையறாமல், உரிமையாளருக்கு எதிரான முறையில் ஒரு காணியை ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோர முடியும். போரினால் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது தங்கள் வளவில் வேறொருவர் வீடு கட்டியிருக்கக் கண்ட குடும்பங்கள் வடக்கு கிழக்கெங்கும் உண்டு. அவர்களுக்காகவே 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அது போர்க்காலத்தில் தம் காணிக்கு வர முடியாதவர்களுக்கான நிவாரணம். கனடாவில் இருந்தபடி பார்க்காமல் விட்டவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ஆகவே மாதம் ஒருமுறையாவது ஒருவர் போக வேண்டும். நகரிலிருந்து நிலாவெளிக்குப் போய், காணியைச் சுற்றிப் பார்த்து, பற்றை வெட்டுகிறவருக்குக் கூலி பேசித் திரும்பினால் மச்சானுக்கு அரைநாள் போகும். அவருடைய கடையோ வயலோ அந்த அரைநாள் ஆளில்லாமல் நிற்கும். நேரச் செலவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, செலவு இருக்கிறது. அது உங்கள் கையிலிருந்து அவர் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உறவுக்குள் கூலி பேசுவது அழகில்லை என்ற தயக்கத்தினால்தான் இது பேசப்படாமல் போகிறது. முதல் ஆண்டு அன்புக்காகப் போவார், மூன்றாம் ஆண்டு சலிப்போடு போவார், விலை ஏறி நீங்கள் விற்கும் நாளில் தன் பங்கு என்ன என்று அவர் மனம் கேட்கும். அவர் கேட்பது தவறும் அல்ல. பேசாமல் விட்ட இந்தப் பங்கினால் அண்ணன் தங்கை உறவே அறுந்துபோன வீடுகளை நம் ஊரில் எல்லோரும் அறிவோம்.

நீங்கள் வாங்குவதானால், மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை அவருக்கு ஒழுங்காக அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவு அதில் சேராது. விற்கும்போது அவருக்கு ஏதும் பங்கு உண்டா, உண்டானால் எத்தனை சதவீதம் என்பதை இப்போதே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகும் காணி இலாபமாகத் தெரிந்தால் வாங்கலாம். உங்களுக்காக அவர் கையொப்பமிட வேண்டிய தேவை வந்தால், உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை இன்ன காணிக்கு, இன்ன காரியத்துக்கு என்று வரையறுத்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மூதூரில் பெர்மிற் காணி ஒன்று உறுதிக் காணியின் பாதி விலைக்கு வருகிறது. பிறகு மெதுவாக உறுதி எடுக்கலாம் என்று தரகர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிதான் பெர்மிற் காணி; அதை அதன் உடைமையாளர் விருப்பப்படி விற்க முடியாது. அரசு உரிமையை எழுதிக் கொடுக்கும் அளிப்புப் பத்திரமாக அது மாறிய பின்னரும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். சம்மதமின்றி எழுதப்படும் கைமாற்றம் செல்லாது. அனுமதிப்பத்திரக்காரர் தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளி ஒருவரைப் பெயர் குறித்திருந்தால் அவரும் நாளைக்கு வருவார். தரகர் மெதுவாக என்று சொல்வது, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு நீங்கள் ஆண்டுக்கணக்கில் நடக்கப்போகும் நடையைத்தான். குறைந்துள்ள பாதி விலை அந்த நடைக்கான கூலி. ஆனால் நடந்து முடித்தாலும் கிடைக்குமென்ற உறுதி அதில் இல்லை.

கேள்வி: உப்புவெளியில் எங்கள் வீட்டோடு இரண்டு அறைகள் கட்டி, இணையவழி முன்பதிவு மூலம் சுற்றுலாப் பயணிகளுக்கு விட எண்ணியுள்ளேன். ஓர் அறைக்கு நாளுக்கு 8,000 ரூபாய் என்றாலும் மாதம் 4,80,000 ரூபாய். நான் அரச வேலையில் இருக்கிறேன். மனைவி இரு பிள்ளைகளுடன் வீட்டில் சும்மாதான் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். கடன் எடுத்துக் கட்டலாமா?

பதில்: உங்கள் கணக்கில் ஆண்டு முழுவதும் இரண்டு அறையும் நிரம்பியிருக்கின்றன. நம் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் கடல் குமுறும், புறாத்தீவுக்குப் படகு ஓடாது, பயணிகள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். கடல் அமைதியான ஐந்து மாதத்தில் நூற்றுக்கு 60 இரவுகளும், மற்ற ஏழு மாதத்தில் நூற்றுக்கு 15 இரவுகளும் அறைகள் நிரம்பும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறைக்கும் ஆண்டுக்கு 243 இரவுகள், 19,44,000 ரூபாய். நீங்கள் எழுதிய கணக்கின்படி ஆண்டுக்கு 57,60,000 வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கே வருகிறது. முன்பதிவுத் தளத்துக்கு 15 சதவீதத் தரகு கொடுத்தால் 16,52,400 ஆகும். அதிலிருந்து குளிரூட்டிக்கான மின்கட்டணம், காலை உணவு, கடன் தவணை எல்லாம் போக வேண்டும். கடற்காற்றில் கதவுப் பிணைச்சலும் குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் துருப்பிடிப்பது பற்றி உப்புவெளியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி, உங்கள் மனைவி சும்மாதான் இருக்கிறார் என்ற வரி. இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண் சும்மா இருப்பதாக எழுதுவதை நான் ஏற்கவில்லை. அது ஒருபுறம் இருக்க, இந்த 243 இரவுகளின் வேலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பயணி சராசரியாக இரண்டு இரவு தங்கினால், ஏறத்தாழ 120 தடவை அறையைக் கூட்டிக் கழுவி, விரிப்பும் துவாயும் மாற்றித் துவைத்து, மாரியில் அவற்றைக் காயவைக்க இடம் தேட வேண்டும். தடவைக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 240. ஆண்டில் 150 காலைகளில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அதே நேரத்தில் விருந்தினருக்கும் உணவு கொடுக்க வேண்டும். அது இன்னொரு 300 மணித்தியாலம். இரவு பதினொரு மணிக்குப் பேருந்தில் வந்து இறங்குகிறவருக்குக் கதவு திறப்பதும், தண்ணீர் வரவில்லை என்ற அழைப்புக்கு எழுந்து போவதும் இதில் சேரவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே அந்நியர் நடமாட்டம் இருப்பதால் வரும் களைப்பை எந்த எண்ணாலும் எழுத முடியாது.

இது முதலீடு அன்று, ஒரு தொழில். தொழிலாகச் செய்தால் நல்ல தொழிலும்கூட. செய்ய வேண்டியவர் அவராக இருப்பதால், செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவரே. அவர் விரும்பினால், இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், வருமானம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரட்டும், துவைப்பதற்கும் துப்புரவுக்கும் ஒரு உதவியாளின் சம்பளத்தை முதலிலேயே செலவில் எழுதுங்கள். அந்தச் சம்பளத்தைக் கழித்தால் இலாபம் நிற்கவில்லை என்று தெரிந்தால், உங்கள் திட்டத்தின் இலாபம் முழுவதும் மனைவியின் கூலியில்லா உழைப்பே என்பதை அப்போது நீங்களே காண்பீர்கள். அவர் விரும்பாவிட்டால், அயலில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இரண்டு அறையையும் மாத வாடகைக்கு விடுங்கள். வருமானம் குறைவாக இருக்கும்; வீட்டில் அமைதி இருக்கும். கடனைப் பொறுத்தவரை, மாரி மாதங்களில் ஒரு பயணியும் வராவிட்டால் உங்கள் சம்பளத்திலிருந்தே தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஓர் அறையோடு நிறுத்துங்கள்.

கேள்வி: தம்பலகாமத்தில் சிறிய காணி ஒன்று வாங்க இருக்கிறேன். இவ்வளவு அலைச்சலும் உண்டென்றால் எந்த அலைச்சலைக் குறைக்கலாம்? நில அளவையாளரையும் உறுதி தேடுவதையும் விட்டுவிட்டால் என்ன?

பதில்: அந்த இரண்டையும் விடக்கூடாது. மற்றவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துக் காணிகளைப் போய்ப் பார்க்க வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போய்வரும் வழியில் இருப்பவற்றை மட்டும் பாருங்கள். வேலிக்கும் கிணற்றுக்கும் நீங்களே நின்று வேலை வாங்குவதைவிட, நம்பிக்கையான மேசன் ஒருவரிடம் மொத்தமாகப் பேசி ஒப்படைப்பது சற்று அதிகமாக முடிந்தாலும் உங்கள் நாட்களை மிச்சப்படுத்தும்.

உறுதித் தொடர்ச்சியை 30 ஆண்டுக்காவது பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். இடம்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் அது இன்னும் அவசியம். விற்கிறவர் தனி உரிமையாளரா, கூடப்பிறந்தவர்களுக்கும் பங்குள்ள முதுசக் காணியா என்பதும் அப்போதுதான் தெரியவரும். பங்காளி ஒருவரின் கையொப்பம் இல்லாமல் வாங்கி, பிறகு பாகப்பிரிவினை வழக்கில் அகப்பட்டால் அது உங்கள் பிள்ளைகள் காலம்வரை நீளக்கூடும். அந்தக் காணிக்கு 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம் சவிய எனப்படும் அரச திட்டத்தில், உரித்துச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தால் தேடும் வேலை பெருமளவு குறையும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

தம்பலகாமம் வயல் சூழ்ந்த பூமி. ஆகவே கார்த்திகை, மார்கழியில் மழை விட்ட மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, பாதை நடக்கக்கூடியதாக இருக்கிறதா என்பவற்றை அந்த ஒரு நடையிலேயே அறியலாம். சித்திரை வெயிலில் எத்தனை தடவை போனாலும் அது தெரியாது. உறுதியில் கையொப்பமிட்ட பின் அதை உடனே காணிப் பதிவகத்தில் பதியும்படி நொத்தாரிசுவிடம் சொல்லுங்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதியிருந்தால் முந்திப் பதிந்த உறுதிக்கே பொதுவாக முன்னுரிமை. சில வாரங்களில் நீங்களே ஒருமுறை பதிவகத்துக்குப் போய், உங்கள் பெயர் ஏறியிருக்கும் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியைக் கட்டணம் கட்டி எடுத்து வையுங்கள்.